ஜேடர்பாளையத்தில் அண்ணனுக்கு ஒரு சோக போஸ்

கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களைக் கல்யாண வயதில் இருக்கிற யாருக்கும் பக்கத்தில் அண்டவிடக் கூடாது. இதை அடித்துச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. புதிதாகக் கையில் எடுத்த ஆள் நான். கல்யாண வயதில் இருந்தவர் என் அண்ணன். (கல்யாண வயதைக் கொஞ்சம் தாண்டியவர் என்றும் சொல்லலாம். அம்மா காதில் விழாமல் சொல்ல வேண்டும்.)

அப்போது நான் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம். படிப்பு கம்ப்யூட்டரில், புத்தி முழுக்கக் கேமராவில். வகுப்புத் தோழி ஒருத்தி, வெளிநாட்டுச் சித்தப்பா கொடுத்த கேமராவை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியோடு வைத்திருந்தாள். அதை லீவுக்கு இரவல் வாங்கி, கூடவே நீளமான லென்ஸ் ஒன்றையும் சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். யூடியூப் பார்த்துப் பார்த்து இரண்டு தத்துவங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆள் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போக வேண்டும். அந்த ஆளும் கேமராவைப் பார்க்கவே கூடாது. தலை லேசாகச் சாய்ந்து, தோள் தளர்ந்து, பார்வை எங்கோ போனால் படத்துக்கு ‘மூட்’ தானாக வந்துவிடும். அந்த லீவில் நான் மூட் என்று சொன்ன அளவுக்குச் சோறு என்று சொல்லியிருக்க மாட்டேன். மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம்கூட, "அப்படியே வானத்தைப் பாருங்கம்மா, ஒரு ஏக்கத்தோட" என்றேன்.

"மழை வருமான்னுதான் பாத்துட்டு இருக்கறேன். அந்தக் கருமத்த வெச்சுப்போட்டு வந்து வடகத்த அள்ளு," என்றார் அம்மா.

என் அண்ணன் செந்தில் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்களுக்கு போர்வெல் போடும் ரிக் லாரி இருக்கிறது. அண்ணன்தான் அதோடு போவார். வருடத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்காவது புழுதியில் நிற்பார். மழைக்காலத்தில் ஊர் திரும்பி, ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இதில் ‘ரிக்குல போற மாப்பிள்ளையா, பாதி நாள் ஊட்லயே இருக்கமாட்டாரே’ என்று வந்த ஜாதகமெல்லாம் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

அண்ணனின் போட்டோக்களும் தங்கள் பங்குக்குக் கெடுத்தன. முதலில் தரகரிடம் கொடுத்தது, புது லாரிக்குப் பூஜை போட்ட அன்று எடுத்த படம். லாரி மாலையெல்லாம் போட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்கும். டயருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு ஸ்டெப்னி மாதிரி தெரிவது அண்ணன். பெண் வீட்டார் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாருக்குதுங்க, மாப்பிள்ளை எங்கீங்க?" என்று கேட்டே விட்டார். அடுத்து ஸ்டுடியோவில் ஒன்று எடுத்தோம். பின்னால் பனிமலை, முன்னால் வியர்த்துக் கொட்டியபடி அண்ணன். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் ஒட்டியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் புரட்டாசியில் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பெயர் சுகன்யா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புரட்டாசி கழிந்ததும் பேசலாம், அதற்குள் பையனின் நல்ல போட்டோவாக ஒன்று அனுப்புங்கள் என்றார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இதுதாம்மா கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னைய உட்ருங்க. நான் பாட்டுக்கு லாரியோடயே காலத்த ஓட்டிக்கறேன்." சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உலகத்தில் யாருக்கு அமையாவிட்டாலும் என் அண்ணனுக்கு அமைய வேண்டும் என்று நினைத்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். ஒரு தடவைகூட என்னைத் தலையில் குட்டியதில்லை.

"போட்டோவை நான் பாத்துக்கறேன்," என்றேன். சனி என் நாக்கில் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணனின் புல்லட்டில் ஜேடர்பாளையம் போனோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படுகை அணையில் விழுகிற தண்ணீரின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். புரட்டாசி என்பதால் மீன் கடைப் பக்கம் ஈ காக்கா இல்லை. (இதை ஒரு பெரிய வசதியாக நான் நினைத்தேன். வியாபாரம் இல்லாத கடைக்காரர்களுக்கு ஆற்றைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.)

அண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளைக் களையோடுதான் வந்திருந்தார். ஆனால் சட்டைப் பாக்கெட்டில் போன், பர்ஸ், சாவிக்கொத்து எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சிருங்கண்ணா. போஸ் கெட்டுப்போகும். வாட்சையும் கழட்டிருங்க. செருப்பும் வேண்டாம்."

அண்ணன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். செருப்பை மேல்படியில் ஜோடியாக விட்டார். அதற்குப் பக்கத்தில் பர்ஸ், பர்ஸ் மேல் போன், போன் மேல் வாட்ச், சாவி என்று அடுக்கி வைத்தார். பார்ப்பதற்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

நான் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, கரையோரமாகவே நடந்து, தூரத்தில் இருந்த நாணல் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நீள லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால்தான் பின்னணி நன்றாகக் கரையும். முதலில் எடுத்த படங்களில் கேமரா அண்ணனை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் அணை மேல் நின்ற கொக்கைப் பிடித்துக்கொண்டது. கொக்கின் அலகுகூட அவ்வளவு துல்லியம். அண்ணன் வெள்ளையாக ஒரு புகை. லாரி போய்க் கொக்கு வந்ததே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவழியாக ஃபோகஸ் புள்ளியைத் தேடிப்பிடித்து அண்ணனின் முகத்தில் நிறுத்தினேன். இப்போது முகம் பளிச். ஆனால் அந்த முகத்தில் ஒன்றுமில்லை. டோல்கேட்டில் ரசீதுக்கு நிற்கிற முகம்.

எழுந்து ஓடினேன். "அண்ணா, தண்ணியப் பாருங்க. தலையத் தொங்கப் போடுங்க. தோளு இப்படி இருக்கோணும். சிரிக்காதீங்க. ஏதாவது சோகமா நினைச்சுக்கோங்க."

"சோகமா எதைய நெனைக்கறது பாப்பா?"

"வாழ்க்கையில ரொம்ப வருத்தப்பட்டது எதையாவது."

அண்ணன் நிஜமாகவே யோசித்தார். "மத்தியப் பிரதேசத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு போர் போட்டோம். ஆயிரம் அடிக்கும் புழுதிதான். தண்ணி வரும் வரும்னு பொடிப்பசங்க சொம்ப வெச்சுட்டுச் சுத்தி நின்னுட்டு இருந்தாங்க. அத நெனச்சா இப்பவும் மனசு ஒரு மாதிரி ஆயிரும்."

"அதையே நினைங்க! கைய ஆட்டுனா ஒரு படி கீழ எறங்குங்க," என்று சொல்லிவிட்டுப் புதருக்குத் திரும்பினேன்.

அடடா, என்ன மூட்! லென்ஸ் வழியாகப் பார்த்தபோது என் உடம்பே புல்லரித்தது. தலை கவிழ்ந்திருந்தது. தோள் இரண்டும் தொங்கிப் போயிருந்தன. முகத்தில் அப்படி ஒரு கையறு நிலை. நான் கையை ஆட்டினேன், ஒரு படி இறங்கினார். மறுபடி ஆட்டினேன், இன்னொரு படி. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. வெயில் கண்ணில் பட்டதும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். (அது வியர்வை. ஆனால் அந்த வெளிச்சத்தில் வியர்வை என்று தாயே சொல்ல மாட்டாள்.) பிறகு வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அதை நான் சொல்லவே இல்லை, அவராகச் செய்தது. எனக்குள் ஒரு மகா கலைஞி எழுந்து நின்று கைதட்டினாள்.

பின்னணியும் அருமையாகக் கரைந்திருந்தது. அதில் திடீரென்று சிவப்பாக ஒரு வட்டம் தோன்றியது. பின்னாலேயே நீலமாக ஒன்று, மஞ்சளாக ரெண்டு. அழகழகாக அசைந்துகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தன. ‘ஆஹா, கலர் தானா வருதே’ என்று விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். சிவப்பு வட்டம் இன்னும் பெரிதானது. அதற்குக் கை முளைத்தது. கையில் ஒரு கரண்டி முளைத்தது. அது அண்ணனை எட்டிய நொடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சிவப்புச் சேலை கட்டிய ஒரு அம்மாள் பின்னாலிருந்து என் அண்ணனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார்.

"அய்யோ சாமீ! வேண்டாஞ் சாமீ!"

அணைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் என் புதர் வரை வந்தது. மீன் கடை மல்லிகா அக்காவின் குரல் அது என்பதும், அவர் அரை மணி நேரமாகச் செருப்பையும் பர்ஸையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். நீல வட்டம் பஜ்ஜிக் கடைக்காரர். மஞ்சள் இரண்டும் குளிக்க வந்த ஆட்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பயத்தில் என் விரல் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டது. கேமரா பாட்டுக்கு டக் டக்கென்று எடுத்துக்கொண்டே இருந்தது.

நான் விழுந்தடித்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை மேல்படியில் உட்கார வைத்திருந்தார்கள். மல்லிகா அக்கா மூச்சு வாங்க விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வெசனஞ் சாமி உனக்கு? எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லு."

அண்ணன் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பார் போல. "தண்ணி வரலீங்கக்கா," என்றார்.

அக்கா ஆற்றைப் பார்த்தார். கரை முட்டப் போகிற காவிரியைப் பார்த்தார். பிறகு பஜ்ஜிக் கடைக்காரரைப் பார்த்து, "புத்தி கலங்கிப் போச்சு பாவம்," என்று மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அக்கா, ஒண்ணுமில்லீங்க! இது எங்க அண்ணனுங்க. நான்தான் எறங்கச் சொன்னேன்!" என்று கத்தினேன்.

கரண்டி என் பக்கம் திரும்பியது. "ஏம்புள்ள, நீதான் எறங்கச் சொன்னயா? கூடப்பொறந்தவனையா? உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்குதா?"

கேமராவைக் காட்டினேன், போஸ் என்றேன், கல்யாணத்துக்குப் போட்டோ என்றேன். கல்யாணப் போட்டோவுக்கு எவனாவது அழுதுகொண்டு நிற்பானா என்று பஜ்ஜிக் கடைக்காரர் ஒரே கேள்வியில் என்னை மடக்கினார். யூடியூபில் யாரும் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஊரு, அடுத்த கேள்வி ஆரு பையன். அதையும் கேட்டார்கள். அண்ணன் மரியாதையாக ஊர், அப்பா பெயர், லாரியின் பெயர், குலதெய்வம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். "வவுறு நெறஞ்சா வெசனம் பாதி போயிரும்" என்று மல்லிகா அக்கா சுடச்சுட மீனை வறுத்து முன்னால் வைத்தார். புரட்டாசிங்க என்று அண்ணன் இழுத்தார். "உசுரு பொழச்ச அன்னிக்கு என்ன புரட்டாசி? தின்னு சாமி," என்றார் அக்கா. அண்ணன் தின்றார்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி வேலூருக்குப் போய்விட்டது. மஞ்சள் வட்டங்களில் ஒருவர் சுகன்யா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவராம். நாங்கள் உள்ளே நுழையும்போது அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, தம்பி நல்லாருக்காப்லயா?" பெண்ணின் அம்மா.

"நல்லாருக்கறானுங்க. ஏனுங்க?"

"இல்லீங்க... உசுருக்கு ஒண்ணும் மோசமில்லீங்களே?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த லென்ஸாலும் பிடிக்க முடியாது.

அந்தப் பக்கம் மிகுந்த பதவிசாகத்தான் பேசினார்கள். தம்பிக்கு மனசுக்குள் ஏதோ இருக்கிறது போல, கட்டாயப்படுத்தாதீர்கள், நாங்களும் கொஞ்சம் யோசித்துக்கொள்கிறோம் என்றார்கள். "மீனெல்லாம் நல்லாச் சாப்டாருன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் சந்தோசமுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்கள். யோசித்துக்கொள்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"புரட்டாசில மீனா தின்னே?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு அம்மா அழ ஆரம்பித்தார். அழுதது மீனுக்காக இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ச் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாடிக்குப் போய், அம்மாவின் போனிலிருந்து எடுத்த பெண்ணின் அம்மா நம்பருக்கு விக்கி விக்கி அழுதுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். எங்கள் அண்ணன் சாகப் போகவில்லைங்க, நான் மூட் பிடிக்கப் போனேங்க, நம்பாவிட்டால் பாருங்கள் என்று எடுத்த படம் எல்லாவற்றையும் பின்னாலேயே அனுப்பினேன். எதையும் தேர்ந்தெடுக்கிற நிலையில் நான் இல்லை. கொக்குகள் உட்பட எல்லாம் போயின.

ரொம்ப நேரம் கழித்து ஒரு பதில் வந்தது. ‘நான் சுகன்யா. அம்மா போனை நான்தான் வெச்சிருக்கேன். கொக்குப் படம் நல்லா இருக்குது.’

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த செய்தி வந்தது. ‘கடைசிப் படத்துல உங்க அண்ணன் அந்த அக்கா கையப் புடிச்சிருக்காரே, எதுக்கு?’

அப்படி ஒரு படமா? தேடிப் பார்த்தேன். போனுக்கு மாற்றும்போது பார்த்தவுடன் தள்ளிவிட்ட படம்தான் அது. ஃபோகஸ் முகத்தில் இல்லாததால் குப்பை என்று ஒதுக்கியிருந்தேன். ஆளாளுக்கு இழுத்த இழுப்பில் அண்ணனின் சட்டை தோளிலிருந்து நழுவியிருந்தது. முகம் லேசாகக் கலங்கலாக இருந்தது, ஆனாலும் வாய் நிறையச் சிரிப்பு தெரிந்தது. ஃபோகஸ் போய் விழுந்திருந்தது அவருடைய கையில். அந்தக் கை மல்லிகா அக்காவின் முழங்கையை இறுக்கித் தாங்கியிருந்தது. ஒவ்வொரு விரலும் தெளிவாகத் தெரிந்தது.

கீழே ஓடினேன். "அண்ணா, அந்த அக்கா கைய எதுக்குப் புடிச்சீங்க?"

அண்ணன் சட்டையை மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "படி பூராப் பாசி பாப்பா. அந்தக்கா வெறுங்காலோட ஓடியாந்துச்சு. வழுக்கி உழுந்துருந்தா என்ன பண்றது?"

அதை அப்படியே தட்டி, அண்ணன் லாரியோடு கிளம்பப் பை கட்டுகிறார் என்பதையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது: ‘எனக்கு வந்த போட்டோவுல எல்லாருமே எலெக்‌ஷன்ல நிக்கற மாதிரி நிக்கறாங்க. இவரு ஒருத்தருதான் இன்னொருத்தரைப் புடிச்சுட்டு நிக்கறாரு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அண்ணனை லாரியோட கிளம்ப வேண்டாம்னு சொல்லுங்க.’

சொன்னேன். அண்ணன் மடித்த சட்டையை வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்ததும் முதல் முறையாக லாரி மட்டும் தனியாகக் கிளம்பியது. ஐப்பசி பிறந்ததும் வேலூர் போய்ப் பெண் பார்த்தோம். தை மாதம் கண்ணாலம். இப்போது அண்ணனுக்கு ரெண்டு பிள்ளைகள், வருடத்தில் முக்கால்வாசி நாள் வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் படம் பெரிதாகக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் இது என்ன சண்டை என்று கேட்பார்கள். ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்லுவோம். அண்ணி சொல்வதில்தான் நான் ரொம்ப அசடாக வருவேன்.

இதில் மசியாத ஒரே ஆள் மல்லிகா அக்கா. கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது எங்கள் அம்மாவைவிட அதிகமாக அழுதவர். இன்றைக்கும் ஜேடர்பாளையம் போனால் எங்களிடம் மீனுக்குக் காசு வாங்க மாட்டார். அன்று நடந்தது வெறும் போட்டோ என்று அண்ணன், அண்ணி, நான், கடைசியில் எங்கள் அம்மா வரைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டோம்.

"போட்டோவாம் போட்டோ! ஆருகிட்டக் கதை உடறீங்க? அந்த மூஞ்சிய நான் பாத்தனல்லோ," என்பார். பிறகு அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் தண்ணிப் பக்கம் தனியா உட்றாத கண்ணு," என்பார்.

அண்ணியும் சிரிக்காமல், "சரிங்கக்கா," என்பார். ஒவ்வொரு தடவையும்.

நான் இப்போது சேலத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரோடு ஒழுங்காக வாழ்கிறேன். போட்டோ எடுத்து நான் ஒரு பரிசும் வாங்கியதில்லை. ஆனால் என் படத்தில் மூட் இல்லை என்று யாராவது வாயைத் திறந்தால், மல்லிகா அக்காவிடம் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுவேன்.